உள்ளிவடை வாசனை

"அப்பா, வாயத் தெற."

வலியசாலையில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த சிறுமிக்கு ஆறு வயதிருக்கும். அப்பா திறந்தார். அவள் மோந்து பார்த்தாள்.

"உள்ளிவடை! ஆபரேஷன் முடியறவரைக்கும் எனக்கு ஒண்ணும் தரப்படாதாம். நானும் உன்னோட பட்டினின்னு சொன்னியே?"

"ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன், கேட்டோ. அம்மாட்ட சொல்லாதே."

"சொல்லலே. ஆனா இனிமே நீ பொய் சொல்லப்படாது. ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குமா?"



"இல்லை, வலிக்கும். நான் பக்கத்திலேயே கையப் பிடிச்சுண்டு இருப்பேன்" என்று கையை நீட்டினார்.

அவள் அதையும் மோந்து பார்த்தாள்.

"வடை தின்ன கை வேண்டாம். மத்த கையத் தா."