வாசல் தேவதை

“புத்தரை நெனைச்சாலே எனக்குப் பயமா இருக்கு” என்றாள், பாண்டி பஜாரில் பஸ்ஸுக்காக எனக்கு முன்னால் நின்ற ஜவுளிக்கடைக்காரர் மனைவி. கூட நின்ற தங்கை சிரித்துவிட்டாள்.

“சிரிக்காத. மயிலாப்பூர்ல அந்தப் பிரசங்கம் கேட்டதுலருந்து உங்க அத்தான் ஒரு நிலையில இல்ல. நேத்து கடையில இருந்த போர்வை அம்புட்டையும் ஆத்தங்கரைக் குடிசைகளுக்குக் கொடுத்துட்டாக.”

“அப்படி என்னக்கா பிரசங்கம்?”

“ஒரு வியாபாரி, தோப்பு முழுக்கப் பொற்காசு பரப்பி அதைப் புத்தருக்காக வாங்குனாராம். கடைசில கஞ்சிக்கு வந்தும் தானத்தை நிறுத்தலையாம்.”

“நீ போதும்னு சொல்லேன்.”

அக்காவின் குரல் தாழ்ந்தது.

“அந்த வியாபாரி வீட்டு வாசல்ல குடியிருந்த தேவதை அதைத்தான் சொல்லிச்சாம். வீட்டை விட்டே வெளிய போன்னுட்டாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது உங்க அத்தான் என்னையே பாத்தாக.”