இரண்டாயிரம் பேரில் முதல் ஆள்

– மெஷினை இறக்கச் சொல்லுக்கா. மூணையும் ஏத்திட்டா அந்த ஆளு கிளம்பிடுவாரு.

– உனக்கு என்னடா வந்துது? காலையிலேர்ந்து குட்டி போட்ட பூனையாட்டம் வண்டிக்கும் கடைக்கும் நடந்துக்கிட்டிருக்க. பதினோரு வருஷம் மிதிச்ச தையல் மெஷினு, விக்கிற நானே அழல. நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிற?

– அது வந்து... வித்த காசை என்கிட்ட குடுக்கப்போறியே, அதான்.

– உன்கிட்ட குடுக்காம? பங்குச் சந்தைப் போட்டியில ரெண்டாயிரம் பேரை ஓரங்கட்டிட்டு முதல் ஆளா வந்திருக்க. பட்டன் தைக்க வர்ற பொண்ணுலேர்ந்து தபால்காரர் வரைக்கும் உன் போட்டோவக் காட்டியாச்சு. எனக்கு முட்டி போச்சுடா. இனிமே நீ சம்பாதிச்சுப் போடு, நான் காலை நீட்டிக்கிட்டு சாப்பிடுறேன்.

– அது போட்டிக்கா! அவங்க குடுத்தது விளையாட்டுப் பணம். போனா திரையில ஒரு நம்பர் போகும். அந்தத் தைரியத்துல மொத்தத்தையும் ஒரே கம்பெனிப் பங்குல கொட்டினேன்.

– கொட்டினதை மூணு மடங்காக்கினியா இல்லையா?

– ஆக்கினேன். ஆனா...

– என்னடா ஆனா? ஆறு வாரம் பதறாம உக்காந்திருந்தியே, அது லேசுப்பட்ட காரியமா? அண்ணே! மூணாவதையும் ஏத்திடுங்க. ஊசிப் பக்கம் இடிச்சுடாதீங்க!

– அண்ணே, வேணாம், கொஞ்சம் இருங்க! அக்கா, அது சும்மா அதிர்ஷ்டம். சொன்னா நம்பேன்.

– எங்க, அந்தப் போனைக் குடு. போட்டிப் பட்டியலைக் காட்டு. இதோ, உச்சியில என் தங்கம். இப்படியே கீழ போனா... அடக் கடவுளே, கடைசில ஒருத்தன் தொடச்சுப்போட்ட மாதிரி கிடக்கான். என்ன வாங்கினான் இவன்?

– அதெல்லாம் எதுக்கு? போனைக் குடுக்கா.

– இருடா. அட, உன் கம்பெனியேதான்! நீ விலை ஏறும்னு வச்சிருக்க, இவன் இறங்கும்னு வச்சிருக்கான். அதே நாளு. நீ பத்தே கால் மணிக்கு, இவன் பத்து பதினாறுக்கு. ஒரே பங்கு, உனக்குப் புரிஞ்சுது, அந்த மடையனுக்குப் புரியல. இதுக்குப் பேரு திறமை இல்லாம வேற என்னடா?

– அவனை மடையன்னு சொல்லாத.

– ஏன், உனக்குத் தெரிஞ்சவனா?

– அக்கா, மெஷினை முதல்ல இறக்கச் சொல்லு.

– யாருடா அவன்? சொல்லு, அப்புறம் இறக்கச் சொல்றேன்.

– ஏறுமா இறங்குமான்னு எனக்குத் தெரியலக்கா. ரெண்டு பேர்ல பதிஞ்சேன். அவனும் நான்தான்.