வல்லினம் மிகும் இடம்

ஐயோ அக்கா, அந்தக் கப்பை மட்டும் திருப்பாதீங்க. அப்படியே பிடிங்க. வெறும் பக்கம் உங்களைப் பாக்கட்டும், எழுத்து இருக்கிற பக்கம் சுவத்தைப் பாக்கட்டும். ஆங், அவ்வளவுதான். குடிங்க, டீ ஆறிடும். காரணம் சொல்றேன், ஆனா மெதுவாப் பேசணும். அத்தை உள் ரூம்ல பாப்பாவைத் தூங்க வெச்சிட்டிருக்காங்க. என் மாமியாருக்குக் காது எப்படின்னா, மாடி வீட்ல ஸ்பூன் விழுந்தா அது சின்ன ஸ்பூனா பெரிய ஸ்பூனான்னு சொல்லிடுவாங்க.

இல்லக்கா, தெரியும். பாப்பாவைப் பாக்க வந்தது ஒரு சாக்கு. திங்கக்கிழமை என் லீவு முடியுது, வருவாளா மாட்டாளான்னு பாத்துட்டு வாங்கன்னு மேனேஜர் அனுப்பியிருக்கார். நம்ம டீம்ல டெஸ்டர் நீங்கதானே, என்னையும் டெஸ்ட் பண்ணிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பார். சிரிக்காதீங்க.

வரணும்னுதான் இருக்கு. ஆனா பாப்பாவை யார்கிட்ட விட? காப்பகத்துல அடுத்த வருஷம்தான் இடம்னுட்டாங்க. மிச்சம் இருக்கிறது அத்தை ஒருத்தங்கதான். அவங்க நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே அறிவிச்சுட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷம் டீச்சர் வேலை பாத்து ஊர்ப் பிள்ளைங்களை மேய்ச்சாச்சு, இனிமே என் முதுகு யாருக்கும் வேலை செய்யாதுன்னு. கேட்டுப் பாருன்னு இவர் ஈஸியா சொல்லிட்டார், அவருக்கென்ன. நானும் நாலு தடவை அந்த ரூம் வாசல்ல போய் நின்னு, அத்தை ஒரு விஷயம்னு ஆரம்பிச்சு, பயந்துபோய், சோப்பு தீந்துடுச்சான்னு கேட்டுட்டுத் திரும்பியிருக்கேன். வீட்ல இப்ப ஒம்பது சோப்பு இருக்கு.

கப்பா? வரேன், வரேன்.

நம்ம ஆபீஸ்ல அந்தப் புது டேட்டாபேஸ் போட்டோமில்ல? கட்டம் கட்டமா இல்லாம, ஆளுக்கு ஒரு புள்ளி, உறவுக்கு ஒரு அம்புன்னு வெச்சுக்குமே, அதுதான். அதோட பேசறதுக்கு நம்ம புரோகிராமுக்கு ஒரு தூதுவன் வேணும். அந்தத் தூதுவன்தான் லைப்ரரி. யாரோ முகம் தெரியாதவங்க எழுதி, எவர் வேணா எடுத்துக்கோ, எவர் வேணா திருத்துன்னு பொதுவுல வெச்சது. நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. ஒருநாள் யாரோ தன் தெருப் பேரைத் தமிழ்ல அடிச்சார் பாருங்க, அப்படியே நின்னுபோச்சு. பதிலே இல்ல.

நான் லீவுல இருக்கேன், எனக்கென்னன்னு விட்டிருக்கலாம். விடுவேனா? அப்பல்லாம் பாப்பா மூச்சு விடுறாளான்னு நிமிஷத்துக்கொரு தடவை மூக்குகிட்ட விரல் வெச்சுப் பாப்பேன். வேற எதையாவது நெனைக்கலேன்னா பைத்தியம் பிடிச்சிடும்போல இருந்தது. அவளை மடியில போட்டுக்கிட்டு, ஒத்தைக் கையால அந்த லைப்ரரியைக் குடைஞ்சேன்.

கண்டுபிடிச்சேனே! மாமியார்ங்கிற வார்த்தை கண்ணுக்கு நாலு எழுத்து. லைப்ரரி எண்ணினா கால், கொக்கி, புள்ளியெல்லாம் சேத்து எட்டு. கம்பியில போறப்போ ஒவ்வொண்ணும் மூணா உடைஞ்சு இருபத்துநாலு. இந்தத் தூதுவன் என்ன பண்றான், எட்டு பேர் வரோம்னு வாசல்ல சொல்லிட்டு இருபத்துநாலு பேரைக் கூட்டிட்டுப் போறான். எட்டு பேர் உள்ள போனதும் கதவைச் சாத்திடறாங்க. மிச்சப் பதினாறு பேரும் தெருவுல. அவ்வளவுதான் பிரச்சினை. திருத்தம் ஒரே வரி.

வரி ஒண்ணு, ஆனா அது சரியா வேலை செய்யுதான்னு காட்ட ஒரு டெஸ்ட் வேணுமே. உங்களுக்கு நான் சொல்லணுமா? தமிழ் வார்த்தைங்க வேணும். எனக்கோ கான்வென்ட் தமிழ். எங்க ஸ்கூல்ல தமிழ்ல பேசினா வகுப்புக்கு வெளிய நிக்கணும், பாதிப் படிப்பை வராந்தாவுலதான் முடிச்சேன். வாயில வர்றதுதான் கையில வரும். அன்னிக்குப் பாத்து பாப்பா ரெண்டு தும்மல் போட்டா. அத்தை எட்டிப் பாத்து, கம்ப்யூட்டர் சூட்டுக் கையால பிள்ளையைத் தூக்கினா தும்மாம என்ன செய்யும்னாங்க. எனக்கு வந்ததே ஒரு கோவம்! அடிச்சேன். மாமியார்னு ஒரு புள்ளி, மருமகள்னு ஒரு புள்ளி. நடுவுல அம்பு. அம்பு மேல, குத்திகாட்டுவார். கையோட இன்னொண்ணு: கணவர்லேருந்து மாடிக்கு ஒரு அம்பு, நழுவுவார்.

அட, யார் படிக்கப் போறாங்கன்னு நெனைச்சேன்க்கா! அந்த லைப்ரரிக்குப் பொறுப்பானவர் எங்கேயோ கண்காணாத தேசத்துல இருக்கார். போட்டோவுல தாடிதான் தெரியும், முகம் தெரியாது. தாடிக்கு ரொம்ப சந்தோஷம். திருத்தத்தைச் சேத்துக்கிட்டார். சேத்துக்கிட்டுச் சும்மா இருந்தாரா? எழுத்தெல்லாம் கொடி மாதிரி அழகா இருக்கே, அர்த்தம் என்னன்னு கேட்டார்.

என்ன சொல்ல? மாமியார் மருமகளுக்கு வழிகாட்டுவார்னு அர்த்தம்னுட்டேன். காட்டுவார் ரெண்டுலயும் இருக்குல்ல? பாதி உண்மை.

தாடி உருகிட்டார். இப்படியொரு குடும்பமான்னு. அந்த லைப்ரரியோட முதல் பக்கத்துலயே அதை உதாரணமா தூக்கி வெச்சுட்டார். உலகம் பூரா யார் அதைக் கத்துக்க வந்தாலும் முதல்ல படிக்கிறது எங்க வீட்டுச் சண்டையை. அதோட விட்டாரா? திருத்தம் அனுப்பினவங்கள்ல நூறாவது ஆள் நீதான்னு, அந்த வரியை ஒரு கப்புல அச்சடிச்சு, வீட்டு விலாசத்துக்கே பார்சல் அனுப்பிட்டார்.

ஆமா. இந்தக் கப்புதான்.

பார்சல் வந்தப்போ நான் பாப்பாவைக் குளிப்பாட்டிட்டிருந்தேன். பிரிச்சது யாரு? வேற யாரு. ஈரக் கையோட ஓடி வரேன், அத்தை ஜன்னல் வெளிச்சத்துல கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கப்பைச் சுத்திச் சுத்திப் படிக்கிறாங்க. கவுத்து அடியில இருக்கிற வெப்சைட் பேரையும் படிச்சாங்க. கத்தப் போறாங்கன்னு பாத்தேன். நல்ல கெட்டிப் பீங்கான்னு சொன்னாங்க. போய்க் கழுவினாங்க. அன்னிலேருந்து காலையில, சாயங்காலம் அதுலதான் டீ. எனக்கு எதிர்ல உக்காந்து. எழுத்து என்னைப் பாக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு.

அஞ்சு நாள்க்கா! இந்த லட்சணத்துல நான் எங்க போய்ப் பாப்பாவைப் பாத்துக்கிறீங்களான்னு கேக்க? வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு உங்க கையில கொடுத்திருக்காங்க. வேணும்னேதான். இவ்வளவு நேரம் நீங்க திருப்பிப் படிக்கலேன்னு அவங்களுக்கு வருத்தமா இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வரேன். உங்க லேப்டாப் பையில இருக்குல்ல? எடுங்க. ஒரு சின்ன உதவி. அந்த டெஸ்டுக்கு நேத்து ஒரு திருத்தம் வந்திருக்கு. யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க அனுப்பினது. தாடி குழம்பிட்டார், தமிழ் தெரிஞ்ச ரெண்டு பேர் பாத்துச் சரின்னு சொல்லணுமாம். நான் சொல்ல முடியாது. ஏன்னா அந்தத் திருத்தத்தால டெஸ்ட் ஃபெயிலாகிச் சிவப்பாயிடுச்சு. எழுத்து கூடினதும் கணக்கு இடிச்சுது, நான்தான் எண்ணிக்கையை ஏத்திவிட்டேன். கை வெச்சவளே சரி பாக்கக் கூடாதுங்கிறது ரூல். நீங்க பாருங்க. இன்னொருத்தருக்கு இவர் இருக்கார், மாடியிலேருந்து இறக்கிக் கூட்டிட்டு வரேன்.

திறந்தாச்சா? என்ன மாத்தியிருக்குன்னு தெரியுதா? குத்திகாட்டுவார்ல நடுவுல ஒரு க் போட்டிருக்கு. குத்திக்காட்டுவார். அவ்வளவே. காரணம் எழுதணும்னு ஒரு பெட்டி இருக்குமே, அதையும் படிங்க. வல்லினம் மிகும்.

மேல அனுப்பினவங்க பேரா? சிவப்பு மை.

இருங்க, இருங்க, சத்தமாச் சிரிக்காதீங்க! பாப்பா எழுந்துடுவா! நான் சொன்னேனா? அத்தை என்ன பாடம் எடுத்தாங்கன்னு நான் சொல்லவே இல்லையே. தமிழ்தான். பாப்பா போட்டோவை எல்லாருக்கும் அனுப்பணும்னு போன மாசம்தான் டேப்லெட் பழகினாங்க. முந்தாநாள் சாப்பிடறப்போ, பென்சில் படம் போட்ட பட்டனை அமுக்கினா என்னம்மா ஆகும்னு கேட்டாங்க. திருத்தலாம் அத்தைன்னேன். ஓஹோன்னாங்க.

அதைத்தான் நானும் யோசிச்சேன். அந்த வார்த்தையையே அழிச்சிருக்கலாம். அம்பைத் திருப்பி மருமகள் பக்கத்திலேருந்து போட்டிருக்கலாம். செய்யலையே. குத்திக்காட்டுறதை ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஒற்றுப் பிழையில்லாம. நழுவுவார்ங்கிறதுக்கு ஒரு டிக் கூடப் போட்டிருக்காங்க. பெத்த பிள்ளையாச்சே, தெரியாதா? அந்த டிக்கை மட்டும் தாடி எடுத்துடுவார்.

மூடாதீங்கக்கா. கீழ போங்க, இன்னும் ஒரு வரி இருக்கு. புதுசா எழுதினது. உங்களை இவ்வளவு நேரம் உக்கார வெச்சுப் பேசினதே அதுக்குத்தான். நான் காலையிலேருந்து பத்துத் தடவை படிச்சுட்டேன், சரியாத்தான் படிக்கிறேனான்னு எனக்கே நம்பிக்கை இல்ல, என் தமிழ்தான் உங்களுக்குத் தெரியுமே. நீங்க படிங்க. பாட்டின்னு ஒரு புள்ளி. பேத்தின்னு ஒரு புள்ளி. நடுவுல அம்பு, பார்த்துக்கொள்வார்.

அம்பு மேல ஒரு குறிப்பு எழுதிக்கலாமில்ல, எப்பலேருந்து, எதுவரைக்கும்னு? எழுதியிருக்காங்க பாருங்க. திங்கள் முதல். மாலை ஆறு மணி வரை மட்டும்.

பிழை ஒண்ணும் இல்லையே? அப்ப சரின்னு அமுக்குங்க.