சேலம் வண்டி முதலில் வந்தது

வெளியூர் போகிறவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் துணி எடுத்துப்போகிறார்கள். இரண்டு நாள் பயணத்துக்கு ஆளுக்கு இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு துண்டு போதும்; குளிர் ஊராக இருந்தால் ஒரு ஸ்வெட்டர். 1968 நவம்பரில் நானும் ஸ்தனிஸ்லாஸும் பெங்களூர் போனபோது எங்கள் இருவர் துணியும் ஒரே பையில் அடங்கிவிட்டது. பையை அடுக்கியது நான்தான். எப்போதும் நான்தான் அடுக்குவேன்.

ஃபாதர், வாயால் சொல்ல வராவிட்டால் எழுதிக் கொடு என்றீர்கள். நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

ஸ்தனிஸும் நானும் போர்டிங் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள். பிறகு இருவருக்கும் மொரப்பூர் யூனியன் ஆபீஸில் வேலை கிடைத்தது. நான் கிளார்க், அவன் கிராம சேவக், சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விதை, உரம் பற்றி விவசாயிகளுக்குச் சொல்கிற வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து ஆறு வருஷம் இருந்தோம். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. நான் சமைப்பேன், அவன் பேசிக்கொண்டிருப்பான். காலையில் என்ன கோபத்தோடு எழுந்தாலும் அவன் பேச்சைக் கேட்டால் எனக்குச் சரியாகிவிடும். பெங்களூருக்குப் போய் இரண்டு நாள் ஊர் சுற்ற வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே நாங்கள் பேசிவைத்தது. முதல் தடவை கிளம்ப இருந்தபோது அவனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள்.

ஞானமேரி நல்ல பெண். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பொம்மிடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அருள்நாதன் சொந்தமாக நாலு ஏக்கர் வைத்து உழுதவர். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். ஒரு நாள் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, நீங்களும் ஒரு கல்யாணம் பண்ணிக்கங்க. இன்னும் எத்தனை நாளைக்கு இவரு பின்னாடியே சுத்திக்கிட்டிருப்பீங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஸ்தனிஸும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏழாம் மாதத்தில் அவளைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஸ்தனிஸ் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் என் அறைக்கே வந்துவிட்டான். அந்த ஏழெட்டு வாரம் பழைய மாதிரியே இருந்தது. ஆனால் அவன் பொம்மிடிப் பக்கம் மாற்றல் கேட்டிருந்தான், உத்தரவும் வந்துவிட்டது. டிசம்பரில் போய்ச் சேர வேண்டும். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பெங்களூர் யோசனையைச் சொன்னபோது ஞானமேரியே, "போய்ட்டு வாங்க, கொழந்த பொறந்துட்டா எங்கியும் நகர முடியாது" என்று சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் தந்தி வந்தது. ஸ்தனிஸ் பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். தந்திக்காரர் காகிதத்தை நீட்டினார். நான் அவன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவனுக்கு வரும் ரிஜிஸ்தர் தபாலை அப்படித்தான் எப்போதும் வாங்குவேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இதற்கு முன்னும் ஒரு தந்தி வந்திருக்கிறது, ஃபாதர். ஞானமேரிக்கு மூன்றாம் மாதம் இருக்கும். ஒரு விசேஷத்துக்குத் தாய் வீடு போனவள் மயங்கி விழுந்துவிட்டாள், உடனே வரவும் என்று அடித்திருந்தார்கள். நாங்கள் இருவரும் அடித்துப்பிடித்து ஓடினோம். போய்ப் பார்த்தால் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்துத்தான் இதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் இந்தத் தந்தி சேலத்திலிருந்து வந்தது. ஞானமேரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நிலைமை மோசம், ஆபரேஷனுக்கு உன் கையெழுத்து வேண்டும், உடனே புறப்படு என்று இருந்தது. நான் இங்கிலீஷ் நன்றாகப் படிப்பேன். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இல்லை.

காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. காகிதத்தை ஸ்டவ்வில் காட்டினேன்.

ஸ்தனிஸ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "யார்றா வந்தது?" என்றான்.

"வீடு தெரியாம வந்துட்டான்" என்றேன்.

ஸ்டேஷனில் நாங்கள் நின்றபோது சேலம் வண்டிதான் முதலில் வந்தது. எங்கள் வண்டி எதிர்ப்பக்கம், ஜோலார்பேட்டை போவது. அதற்கு இன்னும் அரை மணி இருந்தது. சேலம் வண்டி பொம்மிடியிலும் நிற்கும். ஸ்தனிஸ் அதைப் பார்த்துக்கொண்டே, "டேய் கஸ்பாரு, இதுல ஏறி ஞானத்த ஒரு எட்டு பாத்துட்டு, பெங்களூரு அடுத்த வாரம் போலாமா?" என்றான்.

"உன் இஷ்டம்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "வேணாம். ஏன் வந்தேன்னு அவளே திட்டுவா" என்றான். வண்டி போய்விட்டது. நான் அவனைத் தடுக்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அன்று அவன் ஏறியிருந்தால் நானும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பேன்.

பெங்களூர் அழகான ஊர். மெஜஸ்டிக் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். என் அம்மா தேன்கனிக்கோட்டைக்காரி என்பதால் எனக்குக் கன்னடம் வரும். ஸ்தனிஸுக்கு ஒரு சொல்லும் தெரியாது. வீதியில் அவன் ஒரு டீ கேட்க வேண்டுமென்றாலும் என்னிடம் சொல்லித்தான் கேட்க வேண்டும். பஸ்ஸில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். ஊரில் நாலு பேர் சேர்ந்தால் அவன்தான் நடுவில் நிற்பான், நான் ஓரமாக நிற்பேன். அங்கே அப்படி இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை விதான சௌதா பார்த்தோம். அவன் தூண்களை எண்ண ஆரம்பித்து இரண்டு தடவை தப்பவிட்டான். மத்தியானம் சிவாஜி நகர் மாதா கோயிலுக்குப் போனோம். மூன்று மெழுகுவத்தி வாங்கினான்.

"ஒண்ணு ஞானத்துக்கு. ஒண்ணு உள்ள இருக்கிறதுக்கு. இது உனக்கு."

"எனக்கு எதுக்கு?"

"உனக்கும் ஒருத்தி வரணும்ல."

நான் பக்கத்தில் முழங்கால் போட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நிம்மதியாக ஜெபம் செய்கிறவனை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பிறகு கப்பன் பார்க் புல்லில் படுத்துக்கொண்டு போர்டிங் கதைகளைப் பேசினோம். எங்கள் வார்டன் பிரதர் தவளைக்குப் பயந்து மேசை மேல் ஏறிய கதையை நான் நடித்துக் காட்டினேன். ஸ்தனிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். "இப்படிச் சிரிச்சு ரெண்டு வருசமாச்சுடா" என்றான். அப்போது சரியாக நாலு மணி; அவன் கைக்கடிகாரத்தை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லால்பாக். அங்கே அவன் இரண்டு ரோஜாக் கன்று வாங்கினான். ரயிலில் பையை நான் வைத்துக்கொள்ள, அவன் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு கூஜாவிலிருந்து தண்ணீர் தெளித்தபடியே வந்தான்.

திங்கட்கிழமை காலை மொரப்பூர் ஸ்டேஷனில் ஆபீஸ் பியூன் ஆண்டி நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"சார், பொம்மிடிக்குப் போங்க சார். அம்மாவ நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம். கொழந்தையும் இல்லீங்க."

ஸ்தனிஸ் கன்றுகளை இறக்கி வைக்கவும் தோன்றாமல் கையில் பிடித்துக்கொண்டே அடுத்த வண்டியில் ஏறினான். நானும் கூடப் போனேன்.

வீட்டில் மாமியார் மிக்கேலம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அருள்நாதன் எழுந்து வந்தார். அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்:

"ஏன் மாப்ளே இப்படிப் பண்ணீங்க? வெள்ளிக்கெழம தந்தி குடுத்தேன். ஆளக் காணோம். கட்டிக் குடுத்த பொண்ணு, அவ வகுத்தக் கிழிக்கறதுக்கு நான் எப்படிங்க கைநாட்டு வெக்கறதுன்னு ராத்திரியெல்லாம் தவிச்சேன். விடிஞ்சதும், சரி வெக்கறேன்னு கட்டவெரல மையில தொட்டுட்டேன். அப்பத்தான் உங்க தந்தி வந்துது. பொறப்பட்டுட்டேன், காத்திருங்க, நானே வந்து கையெழுத்துப் போடறேன்னு நர்சம்மா படிச்சாங்க. மாப்ளே வந்துருவாருன்னு காத்திருந்தோம். நாலு மணிக்குப் போய்ட்டா."

"எந்தத் தந்தி?" என்றான் ஸ்தனிஸ். "எனக்கு ஒண்ணும் வரல. நான் ஒண்ணும் அனுப்பல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் குறுக்கே வந்தேன்.

"பெரியவரே, அந்தத் தந்தியக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் இடுப்பு மடிப்பில் தேடினார். பாயைத் தூக்கிப் பார்த்தார். மிக்கேலம்மாளின் துணி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

திரும்பி வரும்போது ஸ்தனிஸிடம் சொன்னேன்: "கைநாட்டு வெக்கப் பயந்துட்டாரு. இப்ப அவருக்கு மனசுல வெச்சுக்க ஒரு காரணம் வேணும். பாவம், விடு." நான் பாவம் என்று சொன்னதால்தான் அவன் நம்பினான் என்று நினைக்கிறேன். மறுநாள் தபாலாபீஸில் விசாரிக்கிறேன் என்று போய்விட்டு வந்து, அப்படி எதுவும் வரவில்லையாம் என்றேன்.

அந்த வாரமே ஸ்தனிஸ் மாற்றலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். வீட்டைக் காலி செய்துவிட்டு என் அறைக்கு வந்தான். மாமனார் கோயில் திருவிழாவுக்கு இந்தப் பக்கம் வந்தபோது, நடுத்தெருவில் அவர் முகத்துக்கு நேரே, "பெத்த பொண்ணக் கொன்னவன்" என்றான். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பொம்மிடிப் பக்கம் ஸ்தனிஸ் திரும்பப் போகவே இல்லை, கல்லறைக்குக்கூட. இப்போது ஏழு வருஷமாகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அவனை எங்காவது அழைத்துப்போகிறேன். மைசூர் பார்த்தோம், ஊட்டி பார்த்தோம், வேளாங்கண்ணி போனோம். அவன் முன்போலப் பேசுவதில்லை. ஆனால் நான் வைத்ததைச் சாப்பிடுகிறான்.

போன வாரம் நீங்கள் சாகக் கிடக்கிற அருள்நாதனுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டு வந்தீர்கள். உடம்பு எலும்பாகிக் கிடக்கிற நிலையிலும் அவர் அந்தத் தந்தியைப் பற்றியே பேசுகிறார் என்றீர்கள். பொய் சொன்ன பாவத்தோடு சாகிறான் என்று மருமகன் நினைப்பதுதான் அவருக்கு வேதனை, அந்தப் பயணத்தில் கூட இருந்தவன் நீ, உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டீர்கள்.

தெரியும். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஸ்தனிஸ் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் லாட்ஜிலிருந்து இறங்கிப் போய், ஆஸ்பத்திரி முகவரிக்கு, அவன் பெயரில் அந்தத் தந்தியை அடித்தேன். பதில் போகாவிட்டால் மொரப்பூருக்கு ஆள் அனுப்புவார்கள். ஆபீஸில் கேட்டால் பெங்களூர் என்று சொல்லிவிடுவார்கள். எங்களைத் தேட ஆரம்பிப்பார்கள். எங்களுக்கு லால்பாக் பார்க்க வேண்டியிருந்தது. வருகிறேன் என்று மட்டும் அடித்திருந்தால் போதும். காத்திருங்கள், நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதத் தேவையே இல்லை. ஃபாரத்தில் முதலில் அது இல்லை. பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், மறுபடி வாங்கி அதையும் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும்.

இதைப் பெரியவரிடம் படித்துக் காட்டுங்கள், ஃபாதர். அவர் பொய் சொல்லவில்லை என்று மிக்கேலம்மாளுக்கும் சொல்லுங்கள். என்ன தண்டனை சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஸ்தனிஸிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இதைத் தாங்குகிற மனசு அவனுக்கு இல்லை. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, அந்த வீட்டு மனிதர்களும் இல்லை. என்னையும் விட்டால் அவனைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?