திட்டுக்குப் போகும் பலகைப்பாதை

எனக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது, ஐயா. மற்றபடி உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பேன். அந்த மின்விசிறி கிறீச்சிடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்பதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

நகரசபையின் காப்புக்காட்டில் இருபத்திரண்டு வருஷம் காவலாளியாக இருந்தேன். காடு என்று பேர்தான். பாதி மரம், பாதி சதுப்பு. சதுப்பின் நடுவில் கோரை மண்டிய ஒரு திட்டு. அதில் நாரைகள் கூடு கட்டும். சுற்றிலும் கம்பிவேலி, ஒரே ஒரு இரும்புக் கதவு, அதற்கு ஒரே சாவி, அது என் இடுப்பில். ஊரில் என்னைப் 'பூட்டு' என்பார்கள். "பூட்டு வருது, வழிய விடு" என்று தேநீர்க்கடையில் சிரிப்பார்கள். நான் கோபப்பட்டதில்லை. காலையில் கதவைத் திறந்து உள்ளே போய், உள்பக்கமாகப் பூட்டிக்கொள்வேன். அதுதான் என் வேலை. அதில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் நகரசபை தீர்மானம் போட்டது. காடு இனி மக்களுக்காம். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை கதவு திறந்தே கிடக்க வேண்டுமாம். விடாமல் நடந்து அதைக் கேட்டு வாங்கியவர் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். ஒல்லி உடம்பு, மணி அடித்தாற்போல் குரல். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வந்து, முழங்கால் சேற்றில் இறங்கி, ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவார்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது பொய்யில்லை. முதலில் பெஞ்சுகள் வந்தன. பிறகு வங்கி ஊழியர்கள் வந்து மரம் நட்டார்கள், காட்டுக்குள். ஓய்வு பெற்ற ஆண்கள் பத்துப் பேர் வட்டமாக நின்று கைதட்டிச் சிரித்தார்கள். அது உடம்புக்கு நல்லதாம். யாரும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை, சும்மாவே சிரித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குருவிக்கூட்டுப் பெட்டிக்குச் சாயம் பூசும் போட்டி வைத்தார்கள். நீலமும் ஆரஞ்சுமாக அறுபது பெட்டிகள். எந்தக் குருவி சாயம் கேட்டது?

நான் வாய்ச்சண்டைக்குப் போகிறவன் இல்லை. வழிகாட்டிப் பலகை ஒன்றைத் திருப்பி வைத்தேன். சிரிப்புக்காரர்களில் ஒருவர் மூன்று மணி நேரம் வழி தெரியாமல் சுற்றினார். பெஞ்சுக்குப் பின்னால் காஞ்சொறிச் செடியைப் பெயர்த்து வந்து நட்டேன். ஒரு பெண்பிள்ளைக்கு முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. களிம்பு தடவி விட்டதும் நான்தான். அந்தப் பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் என்மேல் இல்லை.

"யாரோ வேணும்னே பண்றாங்க, தம்பி. பாவம், அவங்களுக்கு என்ன மனக்குறையோ. ஆளு யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. அவங்களையும் ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுவோம்."

அன்றைக்குத்தான் எனக்கு அவரை முழுதாகப் பிடிக்காமல் போனது.

அதன் பிறகு அவர் கேட்டது பலகைப்பாதை. கரையிலிருந்து சதுப்பின் மேலாகத் திட்டுவரைக்கும் மரப்பாலம் போல ஒன்று. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் நாரையைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமாம். கூடு கலைந்துவிடும் என்று நான் சொன்னேன். அவர் தன் நோட்டைத் திறந்து காட்டினார்.

"நாலு வருஷம் முன்னாடி பதினோரு ஜோடி, தம்பி. இப்போ முப்பத்திநாலு. செடிய வாரினதும் தண்ணி தெளிஞ்சு மீன் வந்துச்சு, மீனுக்குப் பின்னாடியே இதுங்களும் வந்துடுச்சு. ஆளுங்க வந்து போறதெல்லாம் பழகிடுச்சு."

கணக்கு சரிதான். நானும் எண்ணியிருந்தேன். ஆனால் ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய பறவையை நான் பறவை என்று சேர்ப்பதில்லை. கோழியும்தான் பழகுகிறது.

பாதையைக் கட்டியவன் என் மச்சினன். என் மனைவியின் தம்பி, தச்சன். முதுகு ஒடிந்து ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்தவன். டீச்சர்தான் நகரசபையில் பேசி அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். நான் சாவி கொடுப்பதும் தண்ணீர் கொடுப்பதுமாகக் கூடவே இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. ஒவ்வொரு குறுக்குக்கட்டைக்கும் நாலு போல்ட் போட்டான். முடுக்கி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, மேலே ஏறிக் குதிக்கச் சொல்வான்.

"குதிங்க அத்தான், நல்லாக் குதிங்க. யானை வந்தாலும் தாங்கும்."

குதித்தேன். அசையவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். திட்டுக்குச் சற்று முன்னால் பாதை ஒரு இடத்தில் வளைகிறது. அங்கே இடுப்பளவு தண்ணீர், அதற்குக் கீழே சேறு எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. இரண்டு கட்டைகளிலிருந்து எட்டுப் போல்ட்டையும் கழற்றித் தண்ணீரில் போட்டேன். பலகை பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. பாதை கொஞ்சம் ஆட்டம் கண்டால் சனம் பயப்படும், விழா நின்றுபோகும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று முந்தாநாள் வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. தினமும் காலை ஆறரைக்கு டீச்சர் நோட்டோடு தனியாக வருவார் என்பது எனக்குத் தெரியும். முதல் கால் அவருடையதாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் கரையோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் போகும்போது, "விழாவுல நீங்கதான் முதல்ல பேசணும், தம்பி. உங்க பேரைத்தான் போட்டிருக்கேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

பலகை பெரிதாகச் சத்தம் போடவில்லை. டீச்சர் கழுத்துவரை தண்ணீரில் நின்றார். கால் சேற்றில், குறுக்குக்கட்டை தோள்மேல். எனக்கும் அவருக்கும் நாற்பது அடிகூட இருக்காது. பக்கத்திலேயே என் காவல் அறைச் சுவரில் கயிறும் நீளக் கழியும் தொங்கின. அவற்றை அங்கே மாட்டச் சொன்னவரும் அவர்தான்.

"தம்பி, கயித்த எடுத்துட்டு வாங்க. பதறாதீங்க, மெதுவா வாங்க. நான் ஆடாமத்தான் நிக்கிறேன்."

பாருங்கள், எனக்குத் தைரியம் சொன்னார்.

"இதோ வரேன் டீச்சர்" என்றேன். எழுந்திருக்கவில்லை.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ஐந்தாறு தடவை கூப்பிட்டார். கடைசித் தடவை கயிறு என்று சொல்லவில்லை, "ஏன் தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. யோசிப்பதற்குள் தண்ணீர் அவர் தலைக்கு மேல் மட்டமாகிவிட்டது. பிறகு ஓடினேன், கத்தினேன், கயிற்றைக் கட்டிக்கொண்டு நானே சேற்றில் இறங்கினேன். உயிரைப் பணயம் வைத்தேன் என்று நகரசபைத் தலைவர் என் தோளில் தட்டினார்.

மச்சினனை அன்றைக்கே பிடித்துக்கொண்டு வந்தீர்கள். ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கேட்டான்.

"எல்லாப் போல்ட்டும் முடுக்கினேனே அத்தான். நீங்கதானே ஏறிக் குதிச்சீங்க. சொல்லுங்களேன்."

"எனக்கு ஞாபகம் இல்லப்பா" என்றேன்.

என் மனைவி மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நான் கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். காட்டை நகரசபை மூடி வைத்திருந்தது. கதவுக்கு மறுபடியும் பூட்டு. என் வாழ்க்கையில் அதுபோல ஒரு வாரம் எனக்கு வாய்த்ததில்லை.

எட்டாம் நாள் நகரசபை மண்டபத்தில் கூட்டம். உள்ளே நின்றவர்கள் போக வெளியேயும் நின்றார்கள். பாதைக்கு டீச்சர் பேர் வைப்பதாம். வேறு ஆளை வைத்து இரும்பில் கட்டுவதாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது, தினமும் ஆள் வர வேண்டுமாம். பேர் கொடுக்க வரிசை கட்டினார்கள். வரிசையில் என் மனைவியும் நின்றாள்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. நான் செய்ததை விபத்து என்று விட்டுவிட்டேன். விபத்தைச் சனம் மறந்துவிடும். கெட்ட தச்சன் போய் நல்ல தச்சன் வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கும். கொலை என்றால் அப்படியில்லை. கொலை நடந்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள்.

அதனால்தான் வந்தேன். மச்சினனைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று என் மனைவி நினைக்கிறாள். வாசலில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நினைத்துவிட்டுப் போகட்டும். நீங்கள் மட்டும் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். எட்டுப் போல்ட் என்று எழுதுங்கள். இருபது நிமிஷம் என்று எழுதுங்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் எல்லாவற்றையும் கொடுங்கள். பறவைகளுக்காக இதையாவது செய்யுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. காரணம் எனக்கு விளங்கவில்லை, ஆனால் கண்டதை மறைக்கக் கூடாது. டீச்சர் அத்தனை தடவை அந்தக் குரலில் கூப்பிட்டும் திட்டிலிருந்து ஒரு நாரைகூட எழும்பவில்லை. எல்லாம் அடங்கியபின் நான் பெஞ்சைவிட்டு எழுந்து நின்றேன், ஐயா. வாயைக்கூடத் திறக்கவில்லை. மொத்தமும் பறந்துவிட்டன.