செத்தவள் ஏறிய பஸ்

பெட்ரோல் கிடைக்காத உலக யுத்த காலத்தில் ஒருநாள், தருமபுரியிலிருந்து இண்டூருக்குக் கரியில் ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பொருத்தியிருந்த கரியடுப்பு சூடேறாமல் பஸ் நின்றுகொண்டிருந்தது. முன்சீட்டில் இருந்த நடுவயதுப் பெண், அருகே நின்ற நரைத்த தலைக்காரரிடம் சீறினாள்.

“நான் செத்துட்டேன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?”

“உங்கண்ணன்தான். உன்னக் கட்டிக்கலாம்னு கோலார்ல இருந்து ஓடியாந்தேன். இங்க சந்தையிலயே மறிச்சு, நீ வாந்திபேதியில போயிட்டதாச் சொல்லி அழுதாரு.”

“பொதைச்ச எடத்தக் காட்டுன்னு கேட்டீங்களா மாமா?”

“மனசு தாங்கல. அப்படியே திரும்பிட்டேன். இன்னிவரைக்கும் வேற யாரையும் கட்டல.”

“எங்கிட்ட, நீங்க அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டதாச் சொன்னான். தாயில்லாத அவன் புள்ளைங்கள வளக்க ஒரு ஆளு வேணுமில்ல? நானும் நம்பித் தொலைச்சேன்.”

“இப்பவாவது எங்கூட வந்துடு, புள்ள.”

“செத்தவ எப்படிங்க வருவா? மொதல்ல எங்க வூட்டுக்கு வாங்க. நான் உசுரோட இருக்கேன்னு ஊரு முன்னால அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் வரேன்.”

பஸ் உறுமிக் கிளம்பியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டாள்.

“உக்காருங்க,” என்றாள், கோபம் தணியாமலே. “அவன் முன்னால மட்டும் அழுதுடாதீங்க.”