நாற்பத்தோரு பிரம்மச்சாரிகள்

சோப்பில் ஒட்டிய தலைமுடியை ஈரம் காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் நகத்தால்தான் சுரண்ட வேண்டும். அடுத்தவர் அழுக்கு நகக்கண்ணில் ஏறிவிடும். அண்ணி வந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் கணித ஆராய்ச்சியாளர். பத்தொன்பது வருடங்களாக ஒரே ஒரு தேற்றத்துக்கு நிரூபணம் எழுதிக்கொண்டிருந்தார். சமையல், துணி, தொலைபேசி எல்லாம் என் பொறுப்பு. அவருக்காகவே நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத மேதைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். நாற்பத்தோரு பேர் சேர்ந்திருந்தார்கள். மணமான மேதைகளுக்கும் ஒரு பட்டியல் தொடங்கினேன். நோட்டில் இடம் போதாது என்று விட்டுவிட்டேன்.

நாற்பத்தெட்டு வயதில் அண்ணன், நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து வீட்டுக்கு அழைத்து வந்தார். அண்ணிக்கு ஆஸ்துமா. காலையில் வாஷ்பேசினில் குனிந்து இருமித் துப்புவார். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அதில் ஒரு இழை மிச்சமிருக்கும். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, சொட்டச் சொட்ட, அண்ணனின் தாள்களுக்கு மேலாகவே வாய்க்குக் கொண்டுபோவார். அண்ணன் சிரிப்பார். அவர் பல்லை நான் அவ்வளவு பார்த்ததே இல்லை.

அண்ணி என்னிடமும் பிரியமாகத்தான் இருந்தார். “என்ன தம்பி, உங்களுக்கும் ஒரு பொண்ணு பாக்கட்டுமா? ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டே இருந்து பூசணம் பிடிச்சுப் போயிருக்கீங்க” என்றார் ஒருநாள். சாப்பிடும்போது சொன்னார்.

அண்ணி வந்த ஏழு வாரங்களில் அண்ணன் அறுபது பக்கம் எழுதினார் என்பது உண்மை. அதெல்லாம் பிரம்மச்சரியத்தில் சேர்த்துவைத்த சக்தி. அது தீர்ந்துபோவதற்குள் யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அண்ணன் பல்கலைக்கழகம் போனபின், அண்ணியின் கைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அலமாரியில் இருந்த இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். பிறகு பரணிலிருந்த பழைய மெத்தையை இறக்கி, அண்ணியின் அறை வாசலில் வைத்துத் தூசி பறக்கத் தட்டினேன். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது என் வேலை.

அண்ணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பையைக் கட்டிலில் கொட்டித் தேடினார். “தம்பி, அதைப் பாத்தீங்களா?” என்று கேட்டார். தேடுவதாகச் சொன்னேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டதாகவும் சொன்னேன். நன்றி என்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டார். கை பிசுபிசுவென்று இருந்தது. கடைசியில் வாயோரம் நுரை வந்தது. துடைத்துவிட எனக்குக் கை வரவில்லை.

நான்காம் நாள் அண்ணனிடம் நானே சொன்னேன். அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “உன் கையால சமைச்சதையாடா இத்தனை நாள் சாப்பிட்டேன்” என்று மட்டும் கேட்டார். எழுந்து வாசலுக்குப் போவதற்குள் வாந்தியெடுத்தார். பிறகு தன் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினார். ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டதும் அவர்தான்.

துக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். சரியாகிவிடும். இப்போது அங்கே அண்ணியும் இல்லை, நானும் இல்லை; இவ்வளவு அமைதி அவருக்கு எப்போதும் கிடைத்ததில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். இன்று எத்தனை பக்கம் எழுதினார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.